புத்தம் புது செல்ஃப் மோட்டார்

எங்களை வரவழைத்திருந்த முதலாளி காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோது நாற்காலியும் கூடவே வந்தது. பெயிண்ட் காயவில்லை.

"அடடா, சொல்ல மறந்துட்டேன் தம்பி. நேத்து சாயங்காலம்தான் என் கையால அடிச்சேன்," என்றார் முதலாளி. மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. பாராட்டை எதிர்பார்க்கிற குரல்.

பேண்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கை மஞ்சளாகிவிட்டது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ நின்னுக்கோ. உட்கார்ந்து மட்டும் என்ன கிழிச்சிடப் போறே," என்றாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் கூடப்பிறந்தவள். எரிந்துபோன லாரி, கவிழ்ந்துபோன கிரேன் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, இது தானாக நடந்ததா, நடத்திவைத்ததா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லும் வேலையில் பல வருஷம் இருந்தாள். அந்த வேலையில் மனிதர்கள் மேலிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடவே, வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அவள் வாய்க்கு எந்த உதவியாளரும் தாக்குப்பிடிக்கவில்லை. சொந்தக்காரன் என்றால் ஓடிப்போக முடியாது என்று கடைசியில் என்னைப் பிடித்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தத் தகர ஆபீசில் கதவு மஞ்சள், மேஜை மஞ்சள், குப்பைக்கூடை மஞ்சள், வாசலில் வரிசையாக அடுக்கியிருந்த கற்கள்கூட மஞ்சள். முதலாளியின் தொழிலே அதுதான். அடிமாட்டு விலைக்குப் பழைய மண் தள்ளும் இயந்திரங்களை வாங்குவார், மஞ்சள் பெயிண்ட் அடிப்பார், வாடகைக்கு விடுவார். ஜன்னலுக்கு வெளியே ஒரு புல்டோசர் நின்றது. அதன் வயது பெயிண்டுக்கு மட்டும்தான் தெரியாது. ஒரு பெரிய கம்பெனி, கிடங்கு கட்டுவதற்காக வெளியே இருந்த மேட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தது. அதற்கு வாடகைக்கு வந்த வண்டி அது. மேடு இன்னும் மேடாகவே இருந்தது.

முதலாளி கதையைச் சொன்னார். வண்டியின் செல்ஃப் மோட்டார், அதாவது சாவியைத் திருப்பியதும் இன்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற மோட்டார், கொஞ்ச நாளாகச் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் பெரிய மனசு பண்ணி, புதுசு வாங்கப் பணம் கொடுத்தார்கள். முதலாளி புது மோட்டாரைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். வண்டி ஓட்டுகிற ஆபரேட்டரே மாட்டினார். மாட்டிய அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். அதற்குப் பிறகு பேட்டரிகளை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், சாவி போடுகிற சுவிட்சை மாற்றினார்கள். டக் மட்டும் மாறவில்லை.

"ஆனா அவன் போனா மட்டும் ஸ்டார்ட் ஆகுது மேடம். வேற யாரு போனாலும் ஆகாது. அவன் உள்ளே ஒரு திருட்டு சுவிட்ச் வெச்சிருக்கான். தான் இல்லாம வேலை நடக்கக் கூடாதுன்னு திமிர்," என்றார் முதலாளி.

ஆபரேட்டரைக் காலையிலேயே பிடித்து, சாமான் போடுகிற இரும்புக் கன்டெய்னரில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது. அத்தை அந்த சுவிட்சைக் கண்டுபிடித்து ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிட்டால், வருகிற போலீஸ் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும் பிடுங்கிவிடலாம். வேறு பிழைப்பு தெரியாத மனிதர் அவர் என்று முதலாளியே சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூலையில் கம்பெனி இன்ஜினியர் நின்றிருந்தார். தலைக்கவசம் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. வண்டி தானாகக் கெட்டது என்றால் இன்றே வாடகையை ரத்து செய்துவிட்டு வேறு வண்டி பார்ப்போம், ஆள் கெடுத்தது என்றால் முதலாளி மேல் தப்பில்லை, ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது என்றார். இதைச் சொல்லவா ஒருவர் காலேஜில் படித்தார் என்று தோன்றியது.

அத்தை ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த ஆள் என்னென்ன செய்வார்? நடிச்சுக் காட்டுங்க."

முதலாளி உற்சாகமாக எழுந்து நடித்தார். வருவான், எல்லாரையும் தூரப் போகச் சொல்லுவான், இன்ஜின் பக்கம் குனிந்து ஏதோ செய்வான், பிறகு மேலே ஏறிச் சாவியைத் திருப்புவான். வண்டி ஸ்டார்ட் ஆனதும் மறுபடி இறங்கி, அதே இடத்தில் குனிந்து ஏதோ செய்துவிட்டு மறுபடி ஏறுவான்.

"ரெண்டாவது தடவை எதுக்கு இறங்கறார்?"

"சுவிட்சைத் திரும்ப அணைக்க. வேற எதுக்கு?"

அத்தை அவரை நிதானமாகப் பார்த்தாள். "நாள் முழுக்க அவர்தானே ஓட்டப்போறார்? சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப அணைச்சாப் போதாதா? இடுப்பு வலிக்க ஏறி இறங்கி ஏறறது என்ன வேண்டுதலா?"

முதலாளி பதிலுக்கு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் கடப்பாரையை எடுத்து வைத்தார். ஆபரேட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தானாம். வண்டியை உடைக்கத்தான் என்றார். அத்தை அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். முனையில் ஒன்றும் கொஞ்சம் தள்ளி ஒன்றுமாக, வெல்டிங் வைத்துப் பிய்த்த மாதிரி கருகிய சின்னப் பள்ளங்கள் இருந்தன. அத்தையின் உதடு கோணியது. அது அவள் சிரிப்பு.

கடப்பாரையை என் தோளில் சாய்த்தாள். "தூக்கிட்டு வா. இன்னைக்காவது உபயோகமா எதையாவது சுமந்தேன்னு இருக்கட்டும்."

கன்டெய்னர் படியில் ஒரு பெண் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல் வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஆபரேட்டரின் மனைவி. கதவைத் திறந்து சாப்பாடு கொடுக்கக்கூட முதலாளி விடவில்லையாம். அவள் அழவில்லை, எங்களைக் கெஞ்சவும் இல்லை. நீங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கண்ணாலேயே கேட்டாள்.

கதவில் ஒரு கம்பி ஜன்னல் இருந்தது. உள்ளே வியர்வையில் நனைந்த முகம் ஒன்று தெரிந்தது. அத்தை எதைக் கேட்டாலும் அந்த மனிதர் ஒரே பதிலைத்தான் சொன்னார், நான் ஒன்றும் செய்யவில்லை என்று. இன்ஜின் பக்கம் குனிந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது அதைக்கூடச் சொல்லாமல் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபமாக வந்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போது வாயைத் திறக்காதவனை என்ன செய்வது?

மனைவி எழுந்து அத்தைக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். "அவரு ஏதோ செய்யறாரு, அது நிஜம்தான். என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறாரு. ஆனா கெட்டது செய்யறவரு இல்லைங்க." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். சில நாளாகச் சட்டையில் பொட்டுப் பொட்டாகத் தீப்பட்ட ஓட்டைகள். தைத்து மாளவில்லை. திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்கிறாரோ என்று பெரிய சண்டையே போட்டிருக்கிறாள்.

"ஓட்டை எங்கே? நெஞ்சுப் பக்கமா, கையிலயா?"

"வலது கை முழுக்க. நெஞ்சுல ஒண்ணுகூட இல்லை."

"சிகரெட் பிடிக்கிறவன் சட்டை நெஞ்சுலதான் ஓட்டையாகும். சாம்பல் அங்கேதானே விழும்," என்றாள் அத்தை. "நீ போட்ட சண்டை தண்டம்மா."

புல்டோசருக்குப் பக்கத்தில் 'டாக்டர்' காத்திருந்தார். ஊரில் பேர்பெற்ற வண்டி எலக்ட்ரீஷியன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நோயைச் சொல்லுவாராம். அதனால் அந்தப் பெயர். திருட்டு சுவிட்ச் என்கிற கண்டுபிடிப்பே அவருடையதுதான். அதைத் தேடுகிறேன் என்று வண்டியின் முகப்புப் பலகையைக் குடலை உருவிய மாதிரி வெளியே இழுத்துப் போட்டிருந்தார்.

அவர் தன் பரிசோதனையைக் காட்டினார். மீட்டரின் ஒரு ஒயரை மோட்டாருக்கு கரண்ட் வருகிற இடத்திலும் இன்னொன்றை வண்டியின் சட்டத்திலும் வைத்தார். முள் முழுசாக ஏறியது. "பாத்தீங்களா மேடம்? வர வேண்டியது வருது. மோட்டார் புதுசு. பேட்டரி புதுசு. அப்போ கோளாறு ஆளுகிட்டதான்," என்றார்.

"வருது சரி. திரும்பிப் போகுதா?" என்றாள் அத்தை.

டாக்டர் இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் கேட்டதில்லை போலிருக்கிறது. அத்தை எனக்குச் சொல்வது போல அவருக்குச் சொன்னாள். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் தடிமனான ஒயர் வழியாக மோட்டாருக்குப் போகும். திரும்பி வருவதற்கு ஒயர் கிடையாது. மோட்டாரின் உடம்பு இன்ஜினோடு ஒட்டியிருக்கிறதே, அந்த இரும்பு வழியாகத்தான் அது திரும்ப வேண்டும். போகிற வழி மட்டும் இருந்து திரும்புகிற வழி அடைபட்டிருந்தால், மோட்டார் 'டக்' என்று ஒரு தடவை முனகுவதோடு நின்றுவிடும். வந்த வழியை எல்லாரும் பார்த்தாயிற்று, திரும்புகிற வழியை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு மனுஷனைப் பூட்டிவைத்தும் ஆயிற்று என்றாள்.

பிறகு என்னை மோட்டார் பக்கம் குனியச் சொன்னாள். எண்ணெயும் புழுதியும் அப்பிய இன்ஜினில் அந்த மோட்டார் மட்டும் பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அதன் முதுகில் ஒரே இடத்தில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தது. அதற்கு நேர் எதிரே இன்ஜினிலும் ஒரு கீறல். இரண்டும் கருகியிருந்தன.

"கீறல் ஓரத்தில் என்ன கலர்?"

உற்றுப் பார்த்தேன். மஞ்சளுக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வளையம் தெரிந்தது. "பச்சை," என்றேன். அத்தை பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தாள். இரண்டு ஒயர் வால் வைத்த சாதாரண லாரி பல்பு. ஒரு வாலை அந்தக் கீறலில் கவ்வவிட்டாள், இன்னொன்றை பேட்டரியின் மைனஸ் முனையில். வழி திறந்திருந்தால் இந்த பல்பு எரியக்கூடாது, எரிந்தால் வழி அடைப்பு, கரண்ட் பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது என்று சொல்லிவிட்டு என்னை ஏறிச் சாவியைத் திருப்பச் சொன்னாள்.

திருப்பினேன். டக். கீழே பல்பு பளிச்சென்று எரிந்தது.

டாக்டர் பல்பைப் பார்த்தார், தன் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். அதைக் காதில் வைத்துக் கேட்டால் ஏதாவது ஆறுதல் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ.

அத்தை பல்பைக் கழற்றிவிட்டுக் கடப்பாரையைக் கேட்டாள். மோட்டார் கீறலுக்கும் இன்ஜின் கீறலுக்கும் நடுவில் அதைச் செருகி இறுக்கினாள். கருகிய பள்ளங்கள் இரண்டும் அச்சு அசலாக அந்த இரண்டு இடங்களில் போய் உட்கார்ந்தன. எல்லாரும் தள்ளிப் போங்கள் என்று சொன்னாள். நான் மறுபடி சாவியைத் திருப்பினேன். கடப்பாரை ஓரத்தில் தீப்பொறி பறந்தது. சாவியைப் பிடித்திருந்த என் வலது கை வரைக்கும் வந்து சட்டையில் பொட்டு வைத்தது. மோட்டார் உறுமியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது, மேலே இருந்த குழாய் கரும்புகையைக் கக்கியது. இன்ஜினியர் தலைக்கவசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். வண்டி ஆடிய ஆட்டத்தில் நழுவி விழப் பார்த்த கடப்பாரையை அத்தை பிடித்து உருவினாள்.

"ரெண்டாவது தடவை எதுக்கு இறங்கறார்னு இப்பப் புரியுதா? இதை எடுக்கலேன்னா விழுந்து எதையாவது உடைக்கும். இதுதான் உங்க திருட்டு சுவிட்ச்," என்று சொல்லி அதை முதலாளியின் காலடியில் போட்டாள். என்னை இன்ஜினை அணைக்கச் சொன்னாள்.

முதலாளி அசரவில்லை. அசடு வழிவதற்குப் பதிலாகச் சந்தோஷப்பட்டார். "அதான் நான் சொன்னேனே மேடம். கடப்பாரையைப் போட்டு மோட்டாரைக் கெடுத்திருக்கான். புத்தம் புது மோட்டார். போலீஸ் வரட்டும், இதையே சொல்லிடுங்க."

"மோட்டாரைக் கழட்டச் சொல்லுங்க," என்றாள் அத்தை.

டாக்டர்தான் கழற்றினார். முதலாளி பக்கத்தில் நின்று, நேரம் வீணாகிறது, மோட்டார் கம்பெனிக்காரன் கேள்வி கேட்பான் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். மோட்டார் வெளியே வந்ததும் அத்தை அதைத் திருப்பி வைத்தாள். இன்ஜினோடு ஒட்டி உட்கார வேண்டிய வட்டமான முகப்பு, வெறும் இரும்பாக இருக்க வேண்டிய இடம், மஞ்சள் மஞ்சளாகப் பூசியிருந்தது. போல்ட் நுழைகிற துளைகளின் உட்பக்கம்கூட விடுபடவில்லை. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. திரும்புகிற வழியை அடைத்தது பெயிண்ட்தான்.

அத்தை பேனாக்கத்தியால் முகப்பைச் சுரண்டினாள். மஞ்சளுக்கு அடியில் பழைய எண்ணெய்க் கறை வந்தது. முதுகைச் சுரண்டினாள். அடியில் பச்சை வந்தது. இன்ஜினியர் முதல் தடவையாகப் பிரயோஜனமாக வாயைத் திறந்தார். வண்டியிலிருந்த பழைய மோட்டார் பச்சையாக இருந்தது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார்.

எனக்கு மூளை வேலை செய்துவிட்டது. இப்படி எப்போதாவது நடக்கும். "புரிஞ்சிடுச்சு அத்தை," என்று டாக்டரைக் காட்டினேன். "புது மோட்டாரை இவரு கழட்டி வித்துட்டு, பழசுக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்காரு. அதை மறைக்கத்தான் திருட்டு சுவிட்ச் கதை."

டாக்டரின் முகம் கறுத்தது. முதலாளி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஆமாம், இவன் மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது என்று என்னோடு சேர்ந்துகொண்டார். அவ்வளவு நேரமும் ஆபரேட்டரைத் திருடன் என்ற வாய், மூச்சு வாங்காமல் டாக்டரைத் திருடன் என்றது.

"இவரா?" என்றாள் அத்தை. டாக்டரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "இவரு பெரிய அறிவாளி எல்லாம் இல்லை. காதுல ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஊரை ஏமாத்தறவர். ஆனா மோட்டார் முகப்புல பெயிண்ட் அடிக்கக் கூடாதுங்கற அளவுக்கு இவருக்கும் தெரியும். திருடியிருந்தா முகப்பை விட்டுட்டு அடிச்சிருப்பார். வண்டியும் ஸ்டார்ட் ஆகியிருக்கும், நம்மளையும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

இப்படி ஒரு நற்சான்றிதழை வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுவதா, சண்டைக்குப் போவதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"இதை அடிச்சவனுக்கு மோட்டாரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா பெயிண்ட் அடிக்கறதுன்னா உயிர். ஒரு மூலை விடாம, துளைக்குள்ள எல்லாம் விட்டு, ஆசை ஆசையா அடிச்சிருக்கான்." அத்தை மோட்டாரின் முதுகிலிருந்து நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து இன்ஜினியரிடம் காட்டினாள். பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு முடி. பிரஷ் முடி. தொழிற்சாலையில் பிரஷ்ஷால் அடிக்க மாட்டார்கள், பீய்ச்சி அடிப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், திரும்பு."

"எதுக்கு?"

"பின்னாடி காட்டு."

நடுவெயிலில், அத்தனை பேர் முன்னால், நான் திரும்பி நின்றேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். என் பேண்ட்டில் அப்பியிருந்த மஞ்சளிலிருந்து அத்தை ஒரு முடியை எடுத்து முதல் முடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே கறுப்பு, அதே தடிமன். இன்ஜினியர் இரண்டையும் பார்த்தார். பிறகு நாங்கள் எல்லாருமே முதலாளியைப் பார்த்தோம்.

கம்பெனி கொடுத்த பணத்தை முதலாளி பத்திரமாக வைத்துக்கொண்டார். பழைய மோட்டாரையே வீட்டுக்கு எடுத்துப் போய்த் துடைத்து, தன் கையால் மஞ்சள் அடித்து, பெட்டியில் போட்டுப் புதுசு என்று கொண்டுவந்தார். சோம்பலாகவாவது சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரை அவருடைய பெயிண்ட் ஒரேயடியாகக் கொன்றுவிட்டது. அது ஏன் என்று கடைசிவரை அவருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. திருடத் தெரிந்த மனிதருக்குத் திருடிய பொருளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை. வண்டி நின்றால் வாடகை போகும், கம்பெனி மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும். அப்போதுதான் டாக்டர் திருட்டு சுவிட்ச் என்று உளறினார். முதலாளிக்கு அது தேனாக இனித்தது. ஆபரேட்டரை உள்ளே தள்ளிவிட்டால் எல்லாம் முடிந்தது. அதை உறுதிப்படுத்த எங்களையே கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கிறார். மூன்றாம் தரக் களவு, அதற்கு முதல் தர நம்பிக்கை.

"என் வண்டி, என் மோட்டார், என் பெயிண்ட். இதுல என்ன மேடம் குத்தம்? உங்களைக் கூப்பிட்டவனே நான்தான்," என்றார் அவர். குரல் இன்னும் குறையவில்லை.

"அதுக்குத்தான் உங்களுக்குத் தனியா ஒரு நன்றி சொல்லணும்," என்றாள் அத்தை.

இன்ஜினியர், நாங்கள் புதுசுக்கு அல்லவா பணம் கொடுத்தோம் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர், யாரை ஏற்ற வேண்டும் என்று அலுப்போடு கேட்டார். அத்தை எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். முதலாளி தன் வண்டிக்குத் தான் பெயிண்ட் அடித்த கதையை மறுபடி எடுத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "பெயிண்ட் அடிச்சதை அப்புறம் பேசலாம். காலையில இருந்து ஒரு ஆளை இரும்பு டப்பாவுல போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்களே, அதோட சாவி யாருகிட்ட?"

முதலாளியின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது.

கன்டெய்னர் கதவு திறந்தது. ஆபரேட்டர் வெளியே வந்து, கண் கூச நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. என்ன நடந்தது என்று மனைவி சொல்லக் கேட்டார். டாக்டர் கையில் கழற்றிய மோட்டார் இருப்பதைப் பார்த்தார். பிறகு அத்தையிடம் வந்து, தாழ்ந்த குரலில் ஒன்றைத்தான் கேட்டார். தான் கடப்பாரை போட்டதை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட முடியுமா என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவிக்கும் அப்படித்தான்.

"இதைச் சொல்லியிருந்தா காலையிலயே எல்லாம் முடிஞ்சிருக்குமே. கடப்பாரை போட்டா வேலை போயிடும்னு பயந்து ஜெயிலுக்குப் போகவா இருந்தீங்க?" என்றாள் அவள்.

அவர் அவளுக்குப் பதில் சொன்னார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்தா, எங்கயாவது ஒருத்தன் வண்டி குடுப்பான். பொய்க் கேசுன்னு சொன்னா நம்பறவன் இருக்கான். கடப்பாரை போட்டு ஓட்டறவன், அடுத்தவன் வண்டியைப் பாழாக்கறவன்னு எங்க ஆளுங்க நடுவுல பேர் வந்துட்டா, ஒருத்தனும் சாவியைக் குடுக்க மாட்டான்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது இன்ஜினியர் கண்ணில் பட்டார். புல்டோசர் சாவியை நான் இறங்கும்போது அவரிடம்தான் கொடுத்திருந்தேன். டாக்டர் மோட்டார் முகப்பைச் சுரண்டி முடித்துவிட்டார், மாட்டி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. இன்ஜினியர் ஆபரேட்டரைப் பார்த்தார், கீழே கிடந்த கடப்பாரையைப் பார்த்தார். பிறகு சாவியைத் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வேறு ஆபரேட்டர் கிடைப்பாரா என்று டாக்டரிடம் விசாரித்தார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

ஆபரேட்டர் தனக்குத் தெரிந்ததுதானே என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அந்தக் குனிவைப் பார்த்தபோது முதலாளி மேல் வராத ஆத்திரம் எனக்கு இந்த சுத்தமான தலைக்கவசத்தின் மேல் வந்தது.

அத்தை ஏதோ சொல்லப் போனாள். அவளுக்கு முன்னால் மனைவி கேரியரைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள். நேராக இன்ஜினியர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க சார். உங்க வேலை ஒரு நாள் நிக்கக் கூடாதுன்னு கையைச் சுட்டுக்கிட்டவர் அவரு. பூட்டி வெச்சவன்தான் அயோக்கியன்னு இவ்வளவு நேரம் நினைச்சுட்டு இருந்தேன்."

இன்ஜினியர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவர் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்து அதில் வைத்தார்.